சுலபம் போட்ட கணக்கு

பெரிய திரையில் கேள்வி இருந்தது. அதற்குக் கீழே, விடை வர வேண்டிய இடத்தில், அதே கேள்வி ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல் மறுபடியும் இருந்தது.

"என்னங்க இது?" என்றார் ஆன்டெனா கம்பெனியிலிருந்து வந்திருந்த தலைமை இன்ஜினியர்.

"சுலபம் சார்! கொஞ்சம் யோசிக்குது, அவ்வளவுதான்" என்றான் அந்த மென்பொருளை எழுதியவன். எதற்கெடுத்தாலும் இப்படியே சொல்வதால் ஆபீஸில் அவனுக்குப் பெயரே சுலபம்தான்.

எண்களை விட்டுவிட்டு எழுத்துகளாகவே தொகையீடும் தொடர்க்கூட்டலும் போட்டுத் தருகிற மென்பொருள் அது. பெஸ்ஸல் சார்பு மாதிரி, கல்லூரியில் பலரை அழவைத்த சார்புகள் என்றால் அதற்குக் கொள்ளைப் பிரியம். இன்று இவர்கள் வாங்காவிட்டால் பிரிவையே இழுத்து மூடிவிட்டு, சுலபத்தையும் அவன் மச்சானையும் கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் எழுத அனுப்பிவிடுவதாக மேனேஜர் காலையிலேயே சொல்லியிருந்தார். மச்சான் பக்கத்து நாற்காலியில் நகம் கடித்துக்கொண்டிருந்தான். சுலபத்துக்குப் பயம் என்பதே கிடையாது. அவனிடம் இருந்த ஒரே கோளாறு அதுதான்.

"இன்னும் ரெண்டு விவரம் குடுத்தாப் போதும்" என்று தட்டினான்.

'இந்த எண் பூஜ்யத்தைவிடப் பெரியதா?' என்று கேட்டது மென்பொருள். ஆமாம் என்றான். 'முழு எண்ணா?' ஆமாம். 'நிச்சயமாகவா?'

"எங்க மாமியார்கூட இவ்வளவு கேள்வி கேட்டதில்ல" என்றான் சுலபம்.

மாமியாரின் மகன் முறைத்தான். "அத்தான், ஏதோ உறுத்துதுன்னாத்தான் அது இப்படிக் கேக்கும்."

"நீ சும்மா இருடா."

கடைசியில் விடை வந்தது. 'இப்படியிருந்தால் இது, அப்படியிருந்தால் அது, இரண்டும் இல்லையென்றால் தெரியாது' என்று பதினோரு பக்கம். இன்ஜினியர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றியும் பார்த்தார்.

"கொஞ்சம் சுருக்க முடியுமா?"

"சுலபம்!"

சுருக்கியதில் இருபத்தாறு பக்கம் ஆயிற்று. தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த மேனேஜருக்குப் புரை ஏறியது.

சுலபம் மச்சான் பக்கம் சாய்ந்தான். "தொகை ஒரு எல்லைக்குள்ள அடங்குமான்னு பாக்குதே, அந்தப் பகுதியைத் தூக்கிடறேன்."

"அத்தான்! அது நான் ஆறு மாசம் உக்காந்து எழுதினது!"

"அதனாலதான்டா இவ்வளவு நேரம் ஆகுது."

தூக்கினான். கண் இமைப்பதற்குள் ஒரே வரியில் விடை வந்து நின்றது. ஒரு வர்க்கமூலம், பக்கத்தில் ஒரு 'பை' குறி, அவ்வளவுதான். மேனேஜர் கை தட்டியே விட்டார். சுலபம் நாற்காலியில் சாய்ந்து, காலை நீட்டிக்கொண்டான். இந்தக் கணக்கை உலகத்தில் வேறு யாராலும் இவ்வளவு சின்னதாகப் போட்டுக் காட்ட முடியாது என்று அவனுக்கு உறுதியாகத் தோன்றியது.

இன்ஜினியர், தன்னோடு வந்திருந்த பெண்ணைப் பார்த்தார். கம்பெனியில் இன்ஜினியர்கள் போடும் கணக்குகளைச் சரிபார்ப்பவர் அவர். வந்ததிலிருந்து வாயே திறக்கவில்லை. வேண்டாம் என்பதுபோல் மெல்லத் தலையை ஆட்டினார். இன்ஜினியர் எழுந்தார்.

"ரொம்ப நன்றிங்க. நாங்க வேற இடத்துல பாத்துக்கறோம்."

மேனேஜர் முகம் தொங்கிப் போயிற்று.

"ஏன் சார்? விடைதான் வந்திருச்சே!" என்றான் சுலபம். நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டு எழுந்தான்.

கதவு வரை போய்விட்ட அந்தப் பெண் திரும்பிப் பார்த்தார்.

"அந்தக் கணக்குக்கு விடையே கிடையாதுங்க, வேணும்னேதான் போற இடத்துல எல்லாம் அதைக் குடுக்கறோம், மத்த எல்லா மென்பொருளும் எதையாவது அடிச்சு விட்டுச்சு, உங்களோடது ஒண்ணுதான் கேள்வியை அப்படியே திருப்பிக் குடுத்துச்சு, நீங்க அங்கேயே நிறுத்தியிருந்தா அப்பவே வாங்கியிருப்போம்."