சிப்பிக்குக் காவல் வைத்த பெருந்திட்டக்காரர்

உலகத்தில் ஆண்டவர் படைத்த உயிர்களில் 'பெருந்திட்டக்காரர்' என்று ஒரு வகை உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். அவருக்குச் சின்ன வேலை எதுவும் பிடிக்காது. கோவில் வளாகத்தில் குழாய் ஒழுகினால் துணி சுற்றிக் கட்ட விடமாட்டார். மாதவரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் பைப்லைனையே மாற்ற வேண்டும் என்பார். கையில் உட்கார்ந்த கொசுவை அடிக்கமாட்டார். பக்கிங்காம் கால்வாயை முழுசாக மூடுவது பற்றி அரைமணி நேரம் பேசுவார். கொசு நிதானமாகக் குடித்து முடித்து, வணக்கம் வைத்துவிட்டுப் போகும்.

அவரை அடையாளம் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. அக்குளில் ஒரு ரெக்சின் பை. பைக்குள் மனுவின் ஜெராக்ஸ், அந்த ஜெராக்ஸின் ஜெராக்ஸ், ஒரு ரப்பர் ஸ்டாம்பு. சட்டைப் பையில் பச்சை மைப் பேனா. அதிகாரிகள் பச்சையில் கையெழுத்துப் போடுவதைப் பார்த்ததிலிருந்து அவருக்கு நீல மை ஒத்துக்கொள்வதில்லை. வாயைத் திறந்தால் ஒரே வார்த்தை: "இத்த ஒரு லெவல்ல பண்ணணும்பா."

எங்கள் குப்பத்துப் பெருந்திட்டக்காரர் பெயர் வால்டர். ஹார்பரில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். ஞாயிறு தவறாமல் பூசைக்கு வருவார், யாரையும் ஒரு கெட்ட வார்த்தை சொல்லமாட்டார், பத்துப் பைசா தொடமாட்டார். அதுதான் சிக்கலே. திருடனாக இருந்தால் எப்போதோ துரத்தியிருப்போம்.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம், முகத்துவாரத்துக்கு உள்ளே ரயில் பாலத்துத் தூண் அடியில் புதுசாக ஒரு வகைக் கறுப்புச் சிப்பி ஒட்டியிருந்தது. ஒவ்வொன்றும் விரல்நுனி அளவுதான் இருக்கும். ஏதோ தூர தேசத்துக் கப்பல் கொட்டிய தண்ணீரில் வந்தது என்றார்கள். அதை முதலில் கண்டது அடைக்கலமேரி. கண்டது என்பதைவிட, அது அவளை வெட்டியது என்பதே சரி. மேரிக்கு வலையும் இல்லை, படகும் இல்லை. இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, பனையோலைப் பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறவள். சேறு மெத்தென்று இருக்கிற வரைக்கும்தான் அவள் வீட்டில் அடுப்பு எரியும். அந்தச் சேற்றின்மேல்தான் சிப்பி பாய் விரித்திருந்தது. மொத்தமாகச் சேர்த்தால் இரண்டு பாய் அளவு.

மேரி ஊர்க்கூட்டத்தில் சொன்னாள்: "வர்ற ஞாயித்துக்கெயம பூச முடியசொல்ல தண்ணி வத்திக்கும். ஆளுக்கு ஒரு கத்தி எட்த்துகினு வாங்க. பத்துப் பேரு எறங்கினா மதியான சோத்துக்குள்ள சொரண்டிப் போட்ரலாம்."

எல்லோரும் தலையாட்டினோம். வால்டர் எழுந்தார்.

"இன்னா மேரி, வெவரம் புரியாம பேசினுகீறே? இது சாதாரண சிப்பியா? இண்டர்நேஷனல் சிப்பி! கப்பல்ல வந்துகீது. அத்தப் போயி வெங்காயம் நறுக்குற கத்தியால சொரண்டுவியா? இந்த மாரி வெளிநாட்டு ஜந்து பரவாம தடுக்கிறதுக்குன்னே பெரிய ஃபண்டு கீது. எய்திப் போட்டா மிஷினு வரும், படகு வரும், பேப்பர்ல வரும்."

"அது வர்ற வரிக்கும் சிப்பி இன்னா பண்ணும்ணே?"

"அது பாட்டுக்குக் கெடக்கும்."

"இப்பவே சொரண்டிப் போட்டா வேல முடிஞ்சிதே."

"சொரண்டிட்டா? பாக்க வர்ற ஆபீசருக்கு இன்னாத்தக் காட்டுவே? உங் கையக் காட்டுவியா?"

மேரி வெட்டுக் காயத்தோடு கையை நீட்டியேவிட்டாள். வால்டர் அதைப் பார்க்கவில்லை. பச்சைப் பேனாவைத் திறந்துகொண்டிருந்தார். நாங்களும் பேனாவைத்தான் பார்த்தோம். பேனாவுக்கு அப்படி ஒரு கவர்ச்சி.

அன்றைக்கே கமிட்டி போட்டாகிவிட்டது. கமிட்டிக்கு ஸ்டாம்பு, ஸ்டாம்புக்கு மை. ஆபீசர் வந்து பார்க்கும்வரை சிப்பிக்கு எந்தச் சேதமும் வரக்கூடாது என்று தீர்மானம் எழுதி, சுற்றிக் கம்பு நட்டு, கயிறு கட்டி, கயிற்றில் சிவப்புத் துணி கட்டினோம். படகு உரசிவிடாமல் பார்த்துக்கொள்ள லூர்துவைக் காவலுக்கு வைத்தோம். திருடனுக்கு விசிறிவிட்டுத் தூங்கவைத்த ஊரை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? எண்ணூருக்கு வாருங்கள்.

ஆறு மாதம் கழித்து ஃபண்டு ஆபீசிலிருந்து பதில் வந்தது. வால்டர் கோவில் வாசலில் நின்று வாசித்தார். திட்டம் மிகப் பெரியது, ஆகவே ஐந்து ஏக்கருக்குக் குறைந்த இடத்தைப் பரிசீலிக்க இயலாது என்று எழுதியிருந்தது.

"நம்மகிட்ட எவ்ளோ கீது?" என்றான் லூர்து.

"இப்பிக்கி ஒரு பத்துப் பாய் தேறும்."

கூட்டம் சோர்ந்துபோனது. வால்டர், கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து மகளுக்குக் குழந்தை தங்கியிருக்கிறது என்று சொல்கிற தகப்பன் முகத்தோடு சொன்னார்: "கவலப்படாதீங்க. வளர்ந்துகினுதான் கீது."

அடுத்த ஞாயிறு பூசையில், திட்டம் கிடைக்கக் குப்பமே சேர்ந்து மன்றாட வேண்டும் என்றார். பின் வரிசையிலிருந்து பிராங்கிளின் கேட்டான்: "வால்டர் மாமா, ஒரே ஒரு டவுட்டு. சிப்பி வளரணும்னு வேண்டிக்கவா, வளரக்கூடாதுன்னு வேண்டிக்கவா? ஆண்டவரு கன்பீஸ் ஆய்டப் போறாரு."

எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடித்து, வளரட்டும் என்றே வேண்டிக்கொண்டோம். இரக்கமுள்ள ஆண்டவர் எங்களை மன்னிப்பாராக. ஜெபம் மட்டும் அப்படியே கேட்கப்பட்டது.

இரண்டு வருஷத்தில் ஐந்து ஏக்கர். வால்டர் லட்டு கொடுத்தார். சேறு சிமெண்டுத் தரை மாதிரி ஆகிவிட்டது. இறால் எங்கே பதுங்கும்? மேரியின் பறி காலியாகத் தொங்கியது. விடிகாலையில் பஸ் பிடித்துக் காசிமேட்டுக்குப் போய், யாரோ பிடித்த இறாலுக்குத் தோல் உரித்தாள். வெட்டுப்பட்ட கையில் ஐஸ் தண்ணீர் பட்டால் எப்படியிருக்கும் என்று ஆபீசர்களுக்கு எழுதும் மனுவில் ஒரு வரி சேர்க்கச் சொன்னாள். "அதெல்லாம் டெக்னிக்கல் ரிப்போர்ட்ல வராது மேரி" என்றார் வால்டர், மிகவும் அன்பாக.

ஆபீசர்கள் வந்தார்கள். ஜீப்பை விட்டு இறங்கினார்கள், ஷூவைப் பார்த்தார்கள், சேற்றைப் பார்த்தார்கள், மறுபடி ஷூவைப் பார்த்தார்கள். கரையில் நின்றபடியே டீயும் பன்னும் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். ஒரு மாதத்தில் கடிதம் வந்தது: 'இந்த நிதி, அந்நிய உயிரினங்கள் பரவாமல் தடுப்பதற்கானது. தங்கள் பகுதியில் ஏற்கெனவே பரவிவிட்டபடியால் தடுக்க ஏதுமில்லை. பரவியதை அகற்றும் திட்டத்துக்குத் தாங்கள் விண்ணப்பிக்கலாம். குறைந்தபட்சப் பரப்பு நூறு ஏக்கர்.'

வேறு மனிதனாக இருந்தால் உட்கார்ந்து அழுதிருப்பான். பெருந்திட்டக்காரரை அப்படிச் சுலபமாகச் சாய்க்க முடியுமா? வால்டரின் முகம் கிறிஸ்மஸ் ஸ்டார் மாதிரி எரிந்தது.

"நூறு ஏக்கரு! இப்பத்தாம்பா லெவலுக்கு வந்துகீறோம்!"

இன்னும் சில வருஷம் போனது. கழிமுகத்தில் சிப்பி ஏறாத இடம் ஒன்றே ஒன்று பாக்கி இருந்தது. வடக்கே ஒரு சின்ன வாய்க்கால். வாய் நாலு முழ அகலம், உள்ளே போனால் விரிந்து நாலு ஏக்கர் பழைய சேறு, கொஞ்சம் இறால். காசிமேட்டு வேலையில் கை புண்ணாகி வீட்டிலிருந்த மேரி, கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, தண்ணீர் வற்றுகிற நாளெல்லாம் அங்கே போய் உட்கார்ந்தாள். வாய்க்காலின் வாயில் புதுசாக ஒட்டுகிற சிப்பியை அன்றன்றைக்கே சுரண்டினாள். சுரண்டியதைக் கூடையில் அள்ளிக் கரையேற்றி, வெயிலில் கொட்டினாள். அவ்வளவுதான் அவளுடைய திட்டம். அதற்கு முதல் கட்டம், இரண்டாம் கட்டம் எல்லாம் இல்லை.

வால்டர் கமிட்டியோடு கரைக்கு வந்தார். அவருக்கு உண்மையாகவே மனசு கஷ்டமாகிவிட்டது.

"மேரி, உன்னப் பாத்தா பாவமா கீது. எவ்ளோ பெரிய கயிமொகம்! ஒர்த்தி குந்திகினு கத்தியால சொரண்டி இன்னா ஆவப் போவுது, சொல்லு?"

மேரி நிமிரவில்லை. "இன்னிக்கிக் கொயம்பு ஆவும்ணே."

"அது சரி, நூறு ஏக்கருல இந்த வாய்க்காலும் சேர்ந்தாத்தானே கணக்கு சரியா வரும்? நீ இத்தச் சுத்தமா வச்சிகினா, நாலு ஏக்கரு கொறையுதே!"

"அப்ப நீ எறங்கி வந்து ஒட்டிட்டுப் போ."

வால்டர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். நாங்கள் கரையில் வரிசையாக நின்றோம். ஒவ்வொருத்தர் வீட்டிலும் கத்தி இருந்தது. தண்ணீர் முழங்காலுக்குக் கீழேதான் இருந்தது. யாரும் இறங்கவில்லை. வெயில் ஏறிவிட்டது என்று ஒருவர் சொல்ல, ஆமாம் என்று எல்லோரும் வீட்டுக்குத் திரும்பினோம். போகிற வழியில், இந்த அம்மாவுக்கு அரசாங்கம் ஏதாவது செய்ய வேண்டும் என்று ஒரு தீர்மானமும் போட்டோம்.

சரி, உங்களிடம் ஒரு சின்னக் கேள்வி, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இதைப் படித்துக்கொண்டு வரும்போது, மேரி வாய்க்காலில் உட்கார்ந்த இடத்தில், 'பாவம், ஒருத்தியாகச் சுரண்டி எவ்வளவு சுரண்டுவாள், இதற்கு யாராவது பெரிய அளவில் ஏதாவது செய்யக்கூடாதா' என்று உங்கள் மனசில் ஒரு நிமிஷம் ஓடியதா? ஓடியிருந்தால் வெட்கப்பட வேண்டாம். வால்டர் அண்ணன் உங்களைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார். கமிட்டியில் துணைத்தலைவர் இடம் காலியாக இருக்கிறது. போன மாதம் வரைக்கும் அந்த நாற்காலியில் நான்தான் இருந்தேன். சௌகரியமான நாற்காலி, உட்கார்ந்தால் கால் நனையாது.