இரண்டாவது ரீடிங்

கடைசி ஆண்டு வேதியியல் செய்முறைத் தேர்வன்று ஆய்வகத்தில் இருந்தவர்கள்: நாங்கள் பதினான்கு பேர், மதுரைப் பக்கமிருந்து வந்த வெளித்தேர்வாளர், எங்கள் மேடம், அட்டெண்டர் அண்ணன். வராதவர்கள்: அம்மை போட்டுப் படுத்திருந்த ஒருவன், காரியாபட்டிக்குக் கல்யாணத்துக்குப் போன துறைத்தலைவர். வராத இன்னொன்றும் இருந்தது. அதைக் கண்டுபிடித்தவன் கன்கார்டன்ட்.

ஒரே பதில் இரண்டு இடத்திலிருந்து வராமல் இந்த உலகத்தில் எதையும் நம்பாதவன் அவன். சூரியன் கிழக்கே உதிக்கிறது என்பதைக்கூட மறுநாளும் பார்த்துவிட்டுத்தான் ஒத்துக்கொண்டிருப்பான்.

பெயர் வந்த கதை இது. பியூரெட் என்ற நீளக் கண்ணாடிக் குழாயிலிருந்து கரைசலைச் சொட்டுச் சொட்டாகக் குடுவைக்குள் விட வேண்டும். நிறம் மாறியதும் நிறுத்தி அளவைக் குறிக்க வேண்டும். மறுபடியும் அதையே செய்து இரண்டு அளவும் ஒத்து வந்தால், அது கன்கார்டன்ட் ரீடிங். நாங்கள் ஒரு தடவை செய்து இரண்டு தடவை எழுதுவோம். என் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். படிப்பென்றால் இப்படித்தான் இருக்கும் போல என்று நானும் சிரத்தையாக இரண்டு தடவை எழுதினேன். அவன் ஒருவன்தான் இரண்டு தடவை செய்தான். ஒத்து வராவிட்டால் மூன்று, நான்கு என்று போவான். மாதிரித் தேர்வில் மணி அடித்தபோது ஐந்தாவது தடவை விட்டுக்கொண்டிருந்தான். பேப்பரில் ஒரு வரி இல்லை. ஃபெயில்.

ஆய்வகத்துக்கு வெளியிலும் அப்படித்தான். திருச்சுழிக்கு அந்தப் பக்கம் அவன் ஊர். அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் கண்டக்டரிடம் கேட்பான்: "இது திருச்சுழி போகுமாண்ணே?"

"போகும், ஏறு."

உடனே முன்பக்கம் ஓடுவான். "டிரைவரண்ணே, திருச்சுழி போகுமா?"

"ஏப்பா, அப்ப நான் என்ன ராமேஸ்வரத்துக்கா டிக்கெட் கிழிக்கிறேன்?" என்பார் கண்டக்டர்.

ஒருநாள் டிரைவர் குறும்புக்கு, "போகாது" என்றுவிட்டார். ஒன்று போகும், ஒன்று போகாது. மிளகாய் மூட்டையோடு நின்ற ஒரு பெரியவரை மூன்றாவதாகக் கேட்கப் போனான். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுப் பதில் சொல்வதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. திருச்சுழிக்குத்தான் போனது.

எங்கள் வகுப்புப் பெண் ஒருத்தி, அவனைப் பிடித்திருக்கிறது என்று ஒருமுறை சொன்னாள். "இன்னொரு தடவை சொல்லு" என்றான். அவள் சொல்லவில்லை.

பஸ் கதைக்குப் பிறகு எங்களுக்கும் அது விளையாட்டாகிவிட்டது. வகுப்பு எத்தனை மணிக்கு என்று கேட்டால் நான் பத்து என்பேன், ஜமால் பதினொன்று என்பான். ஜமால் வீரசோழன்காரன். முகம் மாறாமல் பொய் சொல்ல வரும். கன்கார்டன்ட் மூன்றாவது ஆளைத் தேடிப் போவான், நாங்கள் சிரிப்போம்.

ஆனால் கடைசித் தேர்வு விளையாட்டில்லை. ஒரு மில்லில் சாயத் தண்ணீர் சோதிக்கிற வேலை அவனுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். டிகிரியோடு போனால் வேலை, இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்கு.

தேர்வு தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அட்டெண்டர் அண்ணன் ஒரு துண்டுச்சீட்டைச் சுற்றி விட்டார். கரைசலை ஊற்றி வைத்தவர் அவர்தான், விடையும் அவருக்குத்தான் தெரியும். பத்து புள்ளி இரண்டு. பதின்மூன்று பேரும் எழுதினோம். ஜமால் அந்தச் சீட்டைக் கன்கார்டன்ட் கையில் திணித்தான்.

"ஏலே, இத எழுதிட்டுப் பாஸாயிரு. வேலை போயிரும்."

"சரி, இது ஒண்ணு. இன்னொண்ணு?"

"என்னலே இன்னொண்ணு?"

"ரெண்டு வேணும்ல."

சீட்டில் இருந்ததை முதல் வரியில் எழுதிவிட்டு, இரண்டாவது வரிக்குப் பியூரெட்டைத் திறந்தான். பதின்மூன்று புள்ளி எட்டு. மறுபடியும் விட்டான். பதின்மூன்று புள்ளி எட்டு.

"ஜமாலு, இதுல யாரு பொய் சொல்றா?"

"பேசாம எழுதுலே."

அவன் எழுதவில்லை. குடுவையில், கரைசலோடு சேர்க்கிற வெறும் தண்ணீரை எடுத்து, நிறம் காட்டும் மருந்தை மட்டும் போட்டான். காய்ச்சி வடித்த தண்ணீராக இருந்தால் நீலமாக நிற்க வேண்டும். சிவந்தது. பக்கத்து மேஜைத் தண்ணீரையும் எடுத்துப் பார்த்தான். அதுவும் சிவந்தது. இரண்டும் ஒத்து வந்ததால் கையைத் தூக்கினான்.

"சார், இது போர் தண்ணி. உப்பு இருக்கு."

வெளித்தேர்வாளர் வந்து தானே செய்து பார்த்தார். அட்டெண்டர் அண்ணனைத் திரும்பிப் பார்த்தார்.

"வடிக்கிற மெசினு உப்புப் புடிச்சுச் சூடாக்குற காயிலு போச்சு சார். ரெண்டு மாசமா சொல்றேன். யாரு கேக்குறாக?"

வெளித்தேர்வாளர் எங்கள் பேப்பர்களைப் புரட்டினார். "இந்தத் தண்ணியில பத்து புள்ளி ரெண்டு வரவே வராது. பதிமூணு பேருக்கு எப்படி வந்துச்சு?"

மேடம் மின்விசிறியைப் பார்த்தார். நான் என் பேப்பரைப் பார்த்தேன். அதிலும் இரண்டு வரி இருந்தது.

இரண்டு மணிக்குள் நல்ல தண்ணீர் வந்தால் எல்லோருக்கும் மறுபடி தேர்வு, வராவிட்டால் எல்லோருக்கும் பூஜ்யம் என்றார் வெளித்தேர்வாளர். மறுதேர்வுக்கு ஒன்றரை மணி நேரம்தான். ஐந்து தடவை விடுகிறவனுக்கு அது எந்த மூலைக்கு?

"உன்னையக் காப்பாத்தச் சீட்டக் குடுத்தா, எங்களையும் சேத்துக் கவுத்துட்டியேடா" என்றான் ஜமால்.

"நான் தண்ணியத்தானடா சொன்னேன்" என்றான் அவன்.

ஜமாலும் நானும் பைக்கில் ஆட்டோ உதிரிபாகக் கடைக்குப் பறந்தோம். பேட்டரிக்கு ஊற்றுகிறதும் வடித்த தண்ணீர்தான், ஐந்து லிட்டர் கேன் மூன்று வாங்கினோம். "எத்தனை லாரிப்பா ஓட்டுறீக?" என்று கேட்டார் கடைக்காரர்.

அந்தத் தண்ணீரில் அட்டெண்டர் அண்ணன் புதிதாகக் கரைசல் ஊற்றி வைத்தார். மத்தியானம் நாங்கள் எல்லோரும் முதன்முறையாக இரண்டு தடவை விட்டோம். கன்கார்டன்ட்டுக்கு முதலில் வந்தது பத்து புள்ளி இரண்டு. அடுத்ததும் பத்து புள்ளி இரண்டு. சீட்டும் அதையே சொன்னது. அரை மணி நேரம் மீதமிருக்க, எல்லோருக்கும் முன்னால் பேப்பரைக் கொடுத்தவன் அவன். பிறகு எல்லோரும் தேறினோம். அவன் இப்போது மில்லில் இருக்கிறான், ஒவ்வொரு தொட்டித் தண்ணீரையும் இரண்டு தடவை பார்க்கிறானாம்.

அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் கேன் காசைப் பிரித்தோம். அவனிடம் வாங்க வேண்டாம் என்று பேசி வைத்திருந்தோம். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. "எம் பங்கு எவ்வளவுடா?" என்றான் என்னிடம்.

"பதினஞ்சு."

வழக்கம்போல ஜமாலிடம் போனான். ஜமால் ஐம்பது என்பான், இவன் மூன்றாவது ஆளைத் தேடி பஸ்ஸை விடுவான் என்று நினைத்தேன். ஜமால் கையிலிருந்த சில்லறையை எண்ணி முடித்தான்.

பதினைந்து ரூபாய் என்றான்.