நேரத்துக்கு முடிகிற தொல்லை

பித்தளைச் சேவல் பப்,
அரப்பட்டறைத் தெரு.
புதன்கிழமை காலை.

பெருமதிப்புக்கும் அதைவிடக் கொஞ்சம் கூடுதலான அன்புக்கும் உரிய நார்மா அத்தைக்கு,

உங்கள் அண்ணன் மகள் ஜேட் பணிவுடன் எழுதிக்கொள்வது. ப்ரிட்லிங்டன் கடற்காற்றில் உங்கள் புது இடுப்பெலும்பு உங்களோடு ஒத்துப்போகிறது என்றும், கைத்தடியை நடப்பதற்கு மட்டுமே பயன்படுத்துகிறீர்கள் என்றும் நம்புகிறேன். இங்கே நான் நலம். பூனை நலம். நிலவறையில் பீப்பாய்கள் நலம். மேல்மாடியில் உங்கள் அறையை வாரம் ஒருமுறை திறந்து காற்றாட விடுகிறேன். நீங்கள் சொன்னபடி உங்கள் அலமாரியை நான் திறக்கவில்லை. திறந்தபோது பார்த்ததையும் யாரிடமும் சொல்லவில்லை.

நேற்று நகரமன்றத்தில் நம் மது உரிமத்தின் மீது விசாரணை நடந்தது. முடிவைக் கடைசியில்தான் சொல்வேன். முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியைப் படிக்க மாட்டீர்கள். மீதி முழுவதும் உங்களைப் பற்றியது.

உங்களுக்கு எந்த அதிர்ச்சியும் தரக் கூடாது என்று டாக்டர் சொன்னதால்தான் இந்த விவகாரத்தை மறைத்து வைத்திருந்தேன். மால்கமுக்கு அந்த டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை போலிருக்கிறது. நாற்பது வருஷம் தபால்காரராக இருந்த மனுஷன், ஓய்வுபெற்ற பிறகும் செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்க்காமல் அவருக்குத் தூக்கம் வருவதில்லை. ஆகவே நம் உரிமத்தை எதிர்த்து மனு வந்திருக்கிறது என்ற அறிவிப்பாக வாசலில் வெளிர்நீலத் தாள் ஒட்டப்பட்டதும், இருபத்தெட்டு நாள் அது அங்கே தொங்க வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மனுப் போட்டவர் லாங்டன். எதிரே அரத் தொழிற்சாலை இருந்த கட்டடத்தை வீடுகளாக மாற்றினார்களே, அதில் மூன்றாம் மாடி. சத்தமாம். நம் தெருவில் பாதிப் பேர் முப்பது வருஷம் அரம் வெட்டிய இடம் அது. அப்போது எழுந்த சத்தத்துக்கு யாரும் மனுப் போடவில்லை, அது நின்ற அன்றுதான் தெரு அழுதது. அந்த வீடுகளை விற்க அடித்த பளபளப்பான புத்தகத்தில் நம் பப்பின் படம் இருக்கிறது, அத்தை. வாசலில் மால்கம் கோப்பையோடு நிற்கிறார், கீழே 'உயிர்த்துடிப்புள்ள சுற்றுப்புறம்' என்று எழுத்து. உயிரைக் காட்டி வீட்டை விற்றார்கள், குடிவந்த பிறகு துடிப்பது தொந்தரவாகிவிட்டது.

உரிமம் போனால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கட்டடத்துக்குச் சொந்தமான கம்பெனி ஒரு மாதம்கூடப் பொறுக்காமல் இதையும் ஆறு வீடாக வெட்டும். எனக்கு வேலையும் போகும், படுக்க இடமும் போகும். நீங்கள் கடலைப் பார்த்துச் சலித்துத் திரும்பி வர அந்த மேல்மாடி அறை இருக்காது. இதை நினைத்துத்தான் நான் வீடு வீடாகப் போனேன். அந்த இருபத்தெட்டு நாளுக்குள்ள யார் வேணும்னாலும் ஆதரிச்சோ எதிர்த்தோ எழுதலாம், எழுதினது அத்தனையும் அச்சாகி எல்லார் கைக்கும் போகும், அதுதான் சட்டம். நானும் "எழுதுங்க, மனசுல பட்டதை எழுதுங்க"ன்னு ஒவ்வொரு கதவா நின்னு கெஞ்சினேன். அதுதான் நான் செஞ்ச முதல் தப்பு. மனசுல பட்டதையே எழுதிட்டாங்க.

நாற்பத்தோரு கடிதம் அத்தை! ஆதரவா! அச்சான கட்டு வந்த அன்னைக்கு நான் கண்ணுல தண்ணியோட பிரிச்சேன், மூணாம் பக்கம் வந்ததும் தண்ணி நின்னுபோச்சு. நேத்து செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்கு விசாரணை. வேலைக்குப் போறவன் ஒருத்தனும் வர முடியாத நேரமா பார்த்து வைக்கிறாங்க, அப்புறம் 'மக்கள் கருத்தைக் கேட்டோம்'னு எழுதிக்கிறாங்க. நம்ம பக்கம் பென்ஷன்காரங்க பதினொரு பேரு, ஒரு பிளாஸ்டிக் பை நிறையக் காகிதத்தோட நானு. அந்தப் பக்கம் லாங்டன், சக்கரம் வெச்ச பெட்டியை இழுத்துட்டு வந்த ஒரு வக்கீல். மேடையில மூணு கவுன்சிலருங்க, நடுவுல தலைவி ஓல்ட்ராய்ட் அம்மா, ஓரத்துல போலீஸ்காரர் ஒருத்தர். வக்கீல் எழுந்தார். தன் ஆளோட புகாரை அவர் ஒரு வரிகூட வாசிக்கல. நம்ம ஆளுங்க எழுதின ஆதரவுக் கடிதங்களை எடுத்து வாசிச்சார். முதல்ல எடுத்தது உங்களோடது.

அத்தை, உங்களை யாரு எழுதச் சொன்னது?

"'முப்பத்தோரு வருடம் நான் நடத்திய காலத்தில், கடிகாரத்தைப் பார்த்து ஒரு மனிதரைக்கூட வெளியே அனுப்பியதில்லை. திரைச்சீலையை இழுத்துவிட்டால் அதிகாலை இரண்டு மணிக்கும் தெருவுக்கு வெளிச்சம் தெரியாது. சார்ஜென்டே பின்னறையில்தான் உட்கார்ந்திருப்பார்.'" இங்கே வக்கீல் நிறுத்தி, ஓரத்துல இருந்த போலீஸ்காரரைப் பார்த்தார். போலீஸ்காரர் தன் பேனாவைப் பார்த்தார். "'இப்போது என் அண்ணன் மகள் ஜேட் அந்தப் பாரம்பரியத்தைச் சிறிதும் குறையாமல் காப்பாற்றி வருகிறாள்.'"

சிறிதும் குறையாமல்! பொறுப்பேத்து அஞ்சு வருஷமா பதினொரு மணிக்கு மணியடிச்சு, பதினொண்ணு இருபதுக்குத் தாழ்ப்பாள் போட்டு, ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் படுக்கிற பொண்ணு நான். நீங்க என்னைப் பாராட்டின பாராட்டுல என் கழுத்துல கயிறு விழுந்துடுச்சு. அதோட முடிஞ்சுதா? மால்கம் எழுந்து நின்னு, "கிறிஸ்துமஸ் அன்னிக்குப் பப் மூடியிருந்தப்போ பின்கதவு வழியா விட்டாங்களே, அதையும் வாசிங்க சார், அது என்னோட கடிதம், நாலாம் பக்கம்!"னார். நம்ம ஆளுங்க கை தட்டினாங்க. வக்கீலும் நன்றின்னு சொல்லி அதையும் வாசிச்சார்.

ஓல்ட்ராய்ட் அம்மா கண்ணாடியைக் கழற்றி, "ஐயா, நீங்க எந்தப் பக்கம்?"னு கேட்டாங்க.

"சேவல் பக்கம்தாம்மா, சந்தேகமே வேண்டாம்" என்றார் மால்கம்.

நான் எழுந்து, இதெல்லாம் பழைய கதை, இப்போ அப்படியில்லைன்னு சொன்னேன். "அப்போ உங்க ஆட்கள் எழுதினது பொய்யா?"ன்னு வக்கீல் கேட்டார். பொய்னு சொன்னா நாற்பத்தோரு கடிதமும் குப்பை. உண்மைன்னு சொன்னா உரிமம் குப்பை. பிளாஸ்டிக் பையைப் பிடிச்சிட்டு நின்னேன் அத்தை, உங்க அறை ஜன்னல் கண்ணுக்குள்ள வந்துபோச்சு.

அப்புறம்தான் வக்கீல் தன் பெரிய ஆயுதத்தை வெளியே எடுத்தார். கிளிஃபர்ட். ஆமா, நம்ம பக்கத்து வீட்டு கிளிஃபர்ட்தான், நாலு வருஷமா சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நம்ம சத்தத்தைக் குறிச்சு வைக்கிறவர். நகரமன்றம் கொடுத்த சத்தக் குறிப்புத் தாள்ல கட்டம் போதாதுன்னு சொந்தமா நோட்டு வாங்கியிருக்கார். நாற்பது வருஷம் ரயில்வே சிக்னல் பெட்டியில உட்கார்ந்து எந்த வண்டி எத்தனை மணிக்குப் போச்சுன்னு எழுதின கை, சும்மா இருக்குமா? அஞ்சு நோட்டு. அவரைப் பார்த்ததுமே நம்ம ஆளுங்க முகம் செத்துப்போச்சு. ஒரு கிழவி "துரோகி"ன்னுகூட முனகினா, யாருன்னு சொல்ல மாட்டேன்.

"ஐயா, ஒரு சாதாரண நாள்ல என்ன கேக்கும்? வாசிங்க" என்றார் வக்கீல்.

கிளிஃபர்ட் மூக்குக்கண்ணாடியை மாட்டினார். "திங்கள். ஏழு பத்து, கதவு. ஏழு பன்னிரண்டு, இருமல், மால்கமோடது. எட்டரை, டாமினோ கட்டை. ஒன்பது நாற்பது, சிரிப்பு. ஒன்பது ஐம்பத்தஞ்சு, மறுபடி சிரிப்பு, காரணம் தெரியவில்லை. பதினொண்ணு, மணி. பதினொண்ணு அஞ்சு, 'வரேன்' நாலு குரல். பதினொண்ணு இருபது, தாழ்ப்பாள். பதினொண்ணு இருபத்தொண்ணு, ஒண்ணுமில்லை."

"ஒண்ணுமில்லைன்னா?"

"ஒண்ணுமில்லைன்னுதான் தம்பி அர்த்தம்."

வக்கீல் சளைக்கல. நோட்டை வாங்கிப் புரட்டி, ஓரத்துல சிவப்பு மையில எழுதியிருந்த எண்களைக் காட்டினார். "பதினாலு, பதினஞ்சு, பதினாறு, பதினெட்டு. தலைவர் அவர்களே, இது அளவீடு. வாரா வாரம் சத்தம் ஏறிக்கிட்டே போகுது. இது எந்தக் கருவியில எடுத்தது ஐயா?"

"கருவியா? அது என் மதிப்பெண்."

"என்னது?"

"பப்புல வியாழக்கிழமை கேள்விப் போட்டி. இருபது கேள்வி. அந்தப் பொண்ணு தெளிவா வாசிக்கும், சுவர்ல நல்லா கேக்கும், நான் இந்தப் பக்கம் பதில் எழுதுவேன். பதினெட்டு வாங்கினது போன மாசம்."

அந்த அறையில அப்புறம் ஒரு நிமிஷம் எந்த வேலையும் நடக்கல. போலீஸ்காரர் இருமுற மாதிரி சிரிச்சார். ஓல்ட்ராய்ட் அம்மா மட்டும் முகத்தை நேரா வெச்சுக்கிட்டு, "நாலு வருஷத்துல பதினொன்றரைக்கு மேல எத்தனை தடவை சத்தம்?"னு கேட்டாங்க. "ரெண்டு. ஒண்ணு புத்தாண்டு, தனி அனுமதி இருந்தது. இன்னொண்ணு நார்மா நிலவறைப் படியில விழுந்து ஆம்புலன்ஸ் வந்த ராத்திரி. அதைப் புகார்ல சேர்க்கல."

"அப்போ இது தொல்லையே இல்லைங்கிறீங்களா?"ன்னு வக்கீல் பாய்ந்தார்.

"தொல்லைதான். அஞ்சு நோட்டு எழுதியிருக்கேனே. ஆனா நேரத்துக்கு முடிகிற தொல்லை. வண்டி தாமதமா ஓடினாத்தான் தம்பி டிரைவர்கிட்ட நான் கையெழுத்து வாங்குவேன்."

அதோட விட்டிருக்கலாம். ஓல்ட்ராய்ட் அம்மா விடல. "இவ்வளவு காது கொடுத்துக் கேக்குறீங்களே, உள்ளேயே போய் உட்கார்ந்து விளையாடக் கூடாதா?"

"தடைம்மா. பத்தொன்பது வருஷம் நாலு மாசம்."

"யாரு போட்டது?"

"நார்மா."

"என்ன செஞ்சீங்க?"

"நாட்டுலயே நீளமான நதி எதுன்னு கேள்வி. நார்மாவோட பதில் அட்டையில தேம்ஸ்னு இருந்தது. நான் செவர்ன்னு சொன்னேன். மூணு தடவை சொன்னேன். மூணாவது தடவைக்கு வெளியே போகச் சொன்னாங்க, ஆயுசுக்கும்."

"செவர்ன்தான்" என்றாங்க ஓல்ட்ராய்ட் அம்மா. "எங்க அம்மா வீடு அதோட கரையிலதான். விசாரணை ஏதாவது நடந்ததா?"

"இல்லைம்மா. விரலை நீட்டி வாசலைக் காட்டினாங்க."

அத்தை, மூணு கவுன்சிலர், ஒரு போலீஸ்காரர், ஒரு வக்கீல், பதினொரு பென்ஷன்காரங்க, எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. ஒரு ஆளோட பொழுதைப் பறிக்க இந்த நகரமன்றமே நீலத் தாள் ஒட்டி, இருபத்தெட்டு நாள் காத்திருந்து, பத்து நிமிஷம் பேசவும் விடுது. நீங்க ஒரு விரல்ல முடிச்சிருக்கீங்க. அவங்களைத் திட்டத்தான் நான் நேத்து முழுக்க வாயைத் தீட்டி வெச்சிருந்தேன், உங்களால அதுவும் கெட்டுது.

நாற்பது நிமிஷம் உள்ளே போய்ப் பேசிட்டு வந்தாங்க. உரிமம் நம்மகிட்டயே இருக்கு. இரண்டு நிபந்தனை மட்டும்: வெளியேறும்போது அமைதியாகச் செல்லவும் என்று ஒரு பலகை, ஒன்பது மணிக்கு மேல் பின்பக்க ஜன்னலும் கதவும் அடைத்திருக்க வேண்டும். நேற்று இரவே அடைத்துவிட்டேன். நாற்பத்தோரு பேர் அன்போடு எழுதிக் கவிழ்க்கப் பார்த்ததை, எதிர்த்து எழுதிய ஒருத்தர் நிமிர்த்திவிட்டுப் போனார்.

ஆகவே அத்தை, உங்கள் மீதுள்ள எல்லா மரியாதையோடும் கேட்டுக்கொள்கிறேன்: இனி எந்தக் காரணத்துக்காகவும், யாருக்காகவும், எங்கேயும் ஒரு கடிதமும் எழுதாதீர்கள். பேனாவைக் கடலில் போடுங்கள். பழைய கதையைத் தோண்டாதீர்கள். வசந்தத்தில் திரும்பி வாருங்கள், அறை தயாராக இருக்கும், முதல் கோப்பை நான் ஊற்றுகிறேன். உங்கள் இடுப்புக்கும், உங்களைப் பொறுத்துக்கொண்டிருக்கும் உங்கள் தங்கைக்கும் என் அன்பு. மால்கம் முத்தம் அனுப்பச் சொன்னார், நான் அனுப்பவில்லை.

உங்கள் அன்பு மறவாத,
ஜேட்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போன நேரத்தில் கிளிஃபர்ட் வந்து கதவைத் தட்டினார். நேத்து ஒன்பது மணிக்கு மேல ஒண்ணுமே கேக்கலையாம், நோட்டுல பாதிப் பக்கம் காலியாம். நாளைக்கு வியாழக்கிழமை, பத்து கேள்வி முடியிறதுக்குள்ள ஒன்பது ஆயிடும், மீதிப் பத்துக்கு அவர் என்ன பண்றதுன்னு கேட்டார். "உள்ள வாங்க, இப்போ பப் நடத்துறது நான், தடையை எடுத்துட்டேன்"னு சொன்னேன். வாசற்படியில ஷூ முனை படாம நின்னு, "போட்டவங்கதான் எடுக்கணும், எழுத்துல வேணும்"னார். எவ்வளவு கெஞ்சியும் அசையல. ஆகவே மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டுப் படியுங்கள். உடனே எழுதுங்கள். நாலு வரி போதும், அடுத்த வியாழனுக்குள் வந்து சேர வேண்டும்: தேதி, அவர் பெயர், தடை நீக்கம், நாட்டின் நீளமான நதி. கடைசி வரி உங்கள் கைப்பட இல்லாவிட்டால் உள்ளே கால் வைக்க மாட்டாராம்.