அரைக் கட்டை இறக்கும் பொத்தான்

அன்புள்ள அக்காவுக்கு,

ஊரே தூங்கும் நேரத்தில் மின்னஞ்சல் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். சின்னவள் இப்போதுதான் கண்ணயர்ந்தாள். இங்கே மூவரும் சுகம். அத்தானின் முழங்கால் வலி தேவலையா?

சனிக்கிழமை விழாவில் நீ வாசிக்கப் பாடப்போகும் உன் பள்ளிப் பிள்ளைகளுக்குக் குரல் மேலே எட்டவில்லை, கணினியிலேயே வாத்தியம் வாசிக்க இவர் செய்து விற்கும் சிந்தசைசர் மென்பொருளில் சுருதியை அரைக் கட்டை இறக்க ஒரு பொத்தான் வேண்டும் என்று கேட்டாய் அல்லவா? வாங்கியவர்களுக்கெல்லாம் பதில் போடுவது நான்தானே, இவரைக் கேட்காமலே "புதன்கிழமை வந்துவிடும்" என்று உனக்கு எழுதிவிட்டேன். இன்று வியாழன். பொத்தானை ஒரே மத்தியானத்தில் செய்து முடித்துவிட்டார், அதுதான் வேடிக்கை. ஆனால் சுருதியை இறக்கி மணி ஒலியை வாசித்தால், அது தேய்ந்து மறைகிற இடத்தில், ஆறாவது நொடியில், ஒரு 'டிக்' கேட்கிறதாம். எறும்பு தும்மினால்கூட இதைவிடச் சத்தமாக இருக்கும் என்றேன். "அப்போ உனக்கும் கேக்குதா?" என்று ஆவலாகக் கேட்கிறார் மனிதர்.

அந்த டிக்கைப் பிடிக்க ஃபிரிட்ஜை நிறுத்தினார், பால் கெட்டது; மின்விசிறியை நிறுத்தினார், சின்னவள் வேர்த்துக் கத்தினாள்; சுவர்க் கடிகாரத்தைப் போர்வைக்குள் சுற்றி அலமாரியில் வைத்தார், தடுப்பூசிக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போய் டாக்டரம்மாவிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். எந்நேரமும் மணி அடிக்கிறதே, வீட்டில் பள்ளிக்கூடம் நடத்துகிறீர்களா என்று கேட்க வந்த கீழ்வீட்டுக்காரருக்கும் ஹெட்போனை மாட்டிவிட்டார். அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு நன்றாகத்தானே இருக்கிறது என்றார். அவருக்குக் காது சரியில்லை என்பது இவர் முடிவு. எனக்கும் குறுகுறுப்பு தாங்கவில்லை. இவர் குளிக்கப் போன நேரம் பார்த்துப் பதினைந்து தடவை கேட்டேன், ஒன்றுமில்லை. இல்லாதது இவருக்கு எப்படிக் கேட்கிறது, இல்லை, இருப்பது எனக்கு ஏன் கேட்கவில்லை? என் காதில்தான் கோளாறோ, அது சின்னவளுக்கும் வந்திருக்குமோ என்று பயந்து அவள் பின்னால் நின்று கரண்டியைத் தட்டிப் பார்த்தேன். வெடுக்கென்று திரும்பினாள். அந்தமட்டும் நிம்மதி.

இன்று பொறுக்காமல், உங்கள் டிக்குக்காக நாற்பது பிள்ளைகள் தொண்டை கிழியப் பாட வேண்டுமா என்று கேட்டேவிட்டேன். "கேக்குறவன் ஒருத்தன் இருந்தாலும் அது என் தப்புதானே?" என்றார் மெதுவாக. மறுபடியும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆகவே காலையில் நீயே அவருக்கு இரண்டு வரி காட்டமாக எழுது. நான் சொன்னால் பெண்டாட்டி பேச்சு. நீ சொன்னால் வாடிக்கையாளர் கோரிக்கை.

அத்தானுக்கு வணக்கம். உன் பிள்ளைகளுக்குத் தொண்டை கட்டாமல் இருக்கட்டும்.

அன்புத் தங்கை

பி.கு.: அவருக்கு ஒன்றும் எழுதாதே. இப்போதுதான் எழுந்து வந்து, "நீ சொன்னதுதான் சரி. பிள்ளைங்க பாடட்டும், அனுப்பிடு" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தார், அதற்குள் குறட்டை. அனுப்புவதற்கு முன் கடைசியாக ஒரு தடவை ஹெட்போனை மாட்டினேன். அக்கா, கேட்கிறது. ஆறாவது நொடியில், தெளிவாக. நான் இன்னும் அனுப்பவில்லை, எனக்கு மனம் வரவில்லை. எந்த மணியையும் ஐந்து நொடிக்கு மேல் ஒலிக்கவிடாமல் உன்னால் வாசிக்க முடியுமா? சீக்கிரம் பதில் எழுது.