ரோசாச் சாமியாரின் நீலக் குப்பி

அந்த ஆண்டு பினாங்கில் மாசி வெயில் மண்டையைப் பிளந்தது. ஆனால் சூலியா தெருவுக்குப் பின்னால் இருந்த சந்தில் வெயிலைப் பற்றிக் கவலைப்பட ஆளில்லை. அங்கே ரோசாச் சாமியார் வந்து இறங்கியிருந்தார்! ரிக்‌ஷாக்கள் சந்து முனைவரை நின்றன. வட்டிக்கடைக்காரர், வக்கீல் குமாஸ்தா, பள்ளிக்கூட வாத்தியார் எல்லோரும் செருப்பைக் கழற்றிக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்கள். சாமியார்மேல் பக்தி இருந்தது. பக்கத்தில் நின்ற பக்தர்மேல் நம்பிக்கை இல்லை.

சாமியாரின் சங்கதி இதுதான். ரோசா குளிர்தேசத்துச் செடி. இந்த ஊர்ச் சூட்டில் அது பிழைத்தால் தெய்வச் செயல். ஆகவே ஒரு வீட்டில் பாவம் இருக்கிறதா என்று அறிய, அங்கே ஒரு ரோசாத் தொட்டியை வைத்தால் போதும். செடி தழைத்தால் வீடு சுத்தம். வாடினால் வீட்டில் யாருக்கோ தோஷம். யாருக்கு? பெரும்பாலும் பெண்ணுக்குத்தான். ஆண்களின் தோஷத்தைக் கண்டுபிடிக்கும் செடி இன்னும் முளைக்கவில்லை போலும்.

செடியோடு நீலக் குப்பியில் தீர்த்தமும் கொடுப்பார். அதைத் தினமும் செடிக்கு மட்டுமே விடவேண்டும். மனித நாக்கில் ஒரு சொட்டுப் பட்டாலும் அந்த ஆள் ஊமையாகிவிடுவான். செடி வாடியதும் பரிகாரம் உண்டு. ஒரு பவுன் மோதிரம்தான், அதிகமில்லை. மோதிரம் வந்ததும் தீர்த்தம் நின்றுவிடும். புதுச் செடி வரும். கூடவே காதோடு காதாக ஒரு ரகசிய உபதேசமும் வரும்: விடிந்ததும் வேரடியில் தண்ணீர் விடு, உச்சி வெயிலுக்கு முன் நிழலுக்கு நகர்த்து, தேங்காய் நாரால் மண்ணை மூடு, சுடுகிற சிமெண்டுத் தரையில் தொட்டியை வைக்காதே. செடி தழைத்துவிடும். பாவம் தொலைந்ததென்று குடும்பமே ஆனந்தக் கண்ணீர் விடும். இதையே எந்தத் தோட்டக்காரனைக் கேட்டிருந்தாலும் வெற்றிலை மென்றுகொண்டே சும்மா சொல்லியிருப்பான்.

இந்தச் செடிதான் நவமணியின் கழுத்துக்குக் கத்தியாக வந்தது. அவள் தகப்பனார் கனகசுந்தரம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கந்தோரில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்ப்பவர். ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து கட்டும் டிரெஸர் விஸ்வலிங்கத்துக்கு அவளைப் பேசி முடித்திருந்தார்கள். சாதகமும் பொருந்திவிட்டது. மாப்பிள்ளையின் தாயார் சற்குணம் மாமிக்கு மட்டும் திருப்தி இல்லை.

"சாதகம் ஆக்கள் எழுதுறது. ரோசா பொய் சொல்லாது," என்று சொல்லிச் சாமியாரின் தொட்டியையும் நீலக் குப்பியையும் அனுப்பிவிட்டாள்.

செடி வாடியது. இலை ஓரமெல்லாம் கருகி உதிர்ந்தது. "பெட்டைக்குத் தோஷமாம்" என்ற செய்தி கடல் தாண்டி புக்கிட் மெர்தாஜாம்வரை போயிற்று. நவமணிக்கு விஸ்வலிங்கத்தைப் பிடித்திருந்தது. அதனால் நெஞ்சு இரண்டு மடங்கு வலித்தது. அழுதாள். அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு விறாந்தையைப் பார்த்தாள். அவள் போன வருஷத்திலிருந்து வளர்த்துவரும் சொந்த ரோசா பக்கத்திலேயே மொட்டு விட்டிருந்தது. வாடிய செடியின் மண் தொட்டி ஓரத்தில் மட்டும் வெள்ளையாக என்னவோ பூத்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தீர்ப்பு. நவமணி இரண்டு தொட்டிகளையும் நீலக் குப்பியையும் ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு தகப்பனாரோடு போனாள்.

"பிள்ளை, வாயைத் திறந்திடாதை. மோதிரத்தைக் குடுத்திட்டு வந்திடுவம்," என்று கனகசுந்தரம் கெஞ்சினார்.

சாமியார் ஓலைப் பந்தல் நிழலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய ரோசா பூத்துக் குலுங்கியது. அவருக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றவன், சயன்ஸில் முதலாவதாகத் தேறிய நம் விஸ்வலிங்கம்.

"பொண்ணு மூஞ்சியிலயே தெரியுதே! போன பொறப்புல பூவைக் கசக்கினவ!" என்றார் சாமியார்.

"சாமி, ரெண்டு செடியும் ஒரே விறாந்தையிலதான் நிண்டது. ரெண்டுக்கும் நான்தான் தண்ணி விட்டனான். தோஷம் எனக்கெண்டால் ரெண்டுமல்லோ வாடவேணும்?"

"உன்னுது சாதாரணச் செடி. நம்ம செடிக்கு ஞானம் உண்டும்மா!"

கூட்டம் "ஆகா" என்றது. அதற்கு எதற்கும் "ஆகா"தான்.

"அப்ப உங்கட ஞானச் செடிக்கும் இந்தத் தீர்த்தத்தை விடுங்கோ, பாப்பம்."

சாமியார் பதறிப்போய்த் தம் செடியை மறைத்துக்கொண்டார். "அதுவே தேவதை! அதுக்கு எதுக்குத் தீர்த்தம்?"

நவமணி விஸ்வலிங்கத்தின் பக்கம் திரும்பினாள். "நீங்கள் படிச்சனீங்கள். ஒரு சொட்டு நாக்கில வைச்சுப் பாருங்கோ. குற்றம் என்னிலயோ குப்பியிலயோ எண்டு தெரிஞ்சிடும்."

"ஐயோ, என்ர பிள்ளை ஊமையாப் போயிடுவான்!" என்று அலறினாள் சற்குணம் மாமி. விஸ்வலிங்கம் குடையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

நவமணி குப்பியைத் திறந்தாள். உள்ளங்கையில் ஊற்றி வாயில் விட்டுக்கொண்டாள். "பிள்ளை!" என்று கத்தினார் கனகசுந்தரம். அவள் முகம் கோணியது. வாய் திறக்கவில்லை.

"ஊமையாயிட்டா! பாத்தீங்களா மகிமையை!" என்று எழுந்து குதித்தார் சாமியார்.

நவமணி அதைத் துப்பிவிட்டு வாயைத் துடைத்தாள்.

"உப்பு," என்றாள். "கடல் தண்ணியை விடக் கரிக்குது. இதை ஊத்தினால் எந்தச் செடிதான் பிழைக்கும்? தொட்டியில பூத்திருக்கிறதும் இந்த உப்புத்தான்."

சந்து முனைச் சாப்பாட்டுக் கடை அப்துல் ஹமீது முன்னால் வந்தார். "கொடுங்க தங்கச்சி." ஒரு சொட்டை நக்கிப் பார்த்தார். "உப்புத்தான்லா! எங்க கடைக் குழம்புல இம்புட்டுப் போட்டா என்னைக் கடையோட கொளுத்திருவாங்க!"

அதற்குப் பிறகு குப்பிகள் சடசடவென்று திறந்தன. ஊமையாகிவிடுவோம் என்று நடுங்கியவர்களின் கூச்சல் துறைமுகம்வரை கேட்டது. ஜெயலெட்சுமி என்ற அம்மாள் மட்டும் கத்தவில்லை. "செடி வாடிச்சுன்னு என் மருமகளைக் கப்பலேத்தி ஊருக்கு அனுப்பிட்டேனே," என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். சாமியார் பின்பக்கமாக நழுவப் பார்த்தார். ஹமீது எட்டிச் சடையைப் பிடித்தார். சடை கையோடு வந்தது. ஆளைப் போலீசார் கொண்டுபோனார்கள்.

சற்குணம் மாமி முகமெல்லாம் பல்லாக வந்தாள். "பிள்ளையில ஒரு குறையும் இல்லையெண்டு எனக்கு முதலே தெரியும். வைகாசியில நாள் வைப்பம்." விஸ்வலிங்கம் குடையை மடக்கிவிட்டுச் சிரித்தான். கனகசுந்தரத்தின் கண்கள் மகளைக் கெஞ்சின.

நவமணி விஸ்வலிங்கத்தை ஒருமுறை பார்த்தாள். தன் ரோசாத் தொட்டியைக் கையில் எடுத்துக்கொண்டாள். பிறகு பேசினாள்.

"மாமி, செடி ஏன் வாடினது எண்டு உங்கட வீட்டில ஒருத்தரும் யோசிக்கேல்லை. நாளைக்கு நான் வாடினாலும் இன்னொரு சாமியாரைத்தான் தேடுவியள். முதல்ல யோசிக்கப் பழகுங்கோ. பெண் பார்க்கிறது பிறகு."