புகழ்ந்தால் ஒரு டம்ளர்

"குடிங்க. பேசாம குடிங்க."

தையல்காரர் டம்ளரைப் பார்த்தார். கடை திறந்ததிலிருந்து இது இரண்டாவது. அவர் செய்த குற்றம், மனைவி வெட்டி வைத்திருந்த துணியைத் தூக்கிப் பார்த்து "பிரமாதமா வெட்டியிருக்கே" என்று சொன்னதுதான்.

கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கடையில் வெட்டுவது அவள், தைப்பது அவர். குறை சொல்லும் இலாகாவும் அவருடையதே. பாராட்டி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததாகச் சரித்திரம் கிடையாது. இப்போது பெரிய ஆடைக் கம்பெனி ஒன்று, வெட்டும் பிரிவுக்குத் தலைமை ஏற்க அவளைக் கூப்பிட்டிருந்தது. இன்று சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். கடை படுத்துவிடும் என்பதைவிட, எதிர் மேஜை காலியாக இருக்கும் என்ற நினைப்பைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. வெட்கத்தை விட்டு நேற்று முதல் தடவையாகப் புகழ்ந்தார்.

அங்கேதான் வினை. போன வாரம் டாக்டர் அவருடைய இன்சுலினை மாற்றியிருந்தார். பழைய இன்சுலினில் சர்க்கரை இறங்கினால் உடம்பு ஊரைக் கூட்டிவிடும். உள்ளங்கை வேர்க்கும், கையில் ஊசி நடுங்கும், அகோரமாகப் பசிக்கும். "மருந்து மாறினா சிலருக்கு அறிகுறியும் வேற மாதிரி தெரியலாம். நடுக்கமே இல்லாம பேச்சு, குணம் மட்டும் மாறலாம். வீட்ல கொஞ்சம் கவனிச்சுக்கங்க" என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

நேற்று அவர் புகழ்ந்ததும் மனைவி பதறிப்போய்ச் சர்க்கரைத் தண்ணீரோடு ஓடி வந்தாள். இன்று பதற்றம் இல்லை. டம்ளர் மட்டும் வருகிறது.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. நிஜமாத்தான் சொல்றேன், உன் கை மாதிரி வராது."

"என்ன சொன்னீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க, நாக்கு குழறுதான்னு பாக்கணும்."

சொன்னார்.

"கழுத்து வளைவைப் பத்தி?"

"அதுவும் அருமை."

"ரொம்ப முத்திப்போச்சு" என்று அவள் அடுத்த டம்ளரைக் கலக்கினாள்.

"விரலைக் குத்திப் பாத்துடலாமே. சுகர் மெஷின் எங்கே?"

"ஸ்ட்ரிப் தீந்து போச்சு."

நிதானத்தில்தான் இருக்கிறோம் என்று காட்ட அவருக்கு ஒரே வழிதான் தெரிந்தது. துணியை மேஜையில் விசிறியடித்தார். "இது என்ன வெட்டு? தோள்பட்டை கோணல். கண்ணைப் பொடனியில வச்சிருக்கியா?"

அவள் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டாள். "அப்பாடா, தெளிஞ்சுட்டீங்க. சரி, கம்பெனிக்காரங்களுக்குப் போன் போட்டுடறேன்."

"ஐயோ, வேண்டாம். கோணல் இல்ல. நூல் பிடிச்ச மாதிரி இருக்கு. நீ இல்லாம நான் பொத்தான்கூடத் தைக்க மாட்டேன். எதிர்ல நீ நிக்கலைன்னா எனக்குக் கடையைத் திறக்கவே மனசு வராது."

அவள் கை போனின் மேல் அப்படியே நின்றது. சட்டென்று திரும்பி, கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு டம்ளர் கலக்கினாள். "இதைக் குடிங்க. கடைசில சொன்னீங்களே, அதை மட்டும் திரும்பச் சொல்லுங்க. நிறுத்தி நிதானமா."

சொன்னார், குடித்தார், எழுந்து ஓடினார். இத்தனை டம்ளருக்கு ரத்தமே பாகாகியிருக்கும் என்று பயந்தபடி பக்கத்து மருந்துக்கடையில் போய் விழுந்தார்.

"ஒரு டப்பா ஸ்ட்ரிப் குடுப்பா, சீக்கிரம். வயித்துல சர்க்கரை ஆலையே ஓடுது."

மருந்துக்கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "என்னண்ணே, காலையிலதானே அக்கா ஸ்ட்ரிப் வாங்கிட்டுப் போனாங்க. கூடவே சர்க்கரை இல்லாத இனிப்புப் பொடியும் வாங்கினாங்க. அதை எவ்வளவு குடிச்சாலும் உங்க சுகர் ஏறாது."

"பொடியா? அப்ப சுகர் இறங்கினா?"

"அதைத்தான் நானும் கேட்டேன். 'அவருக்கு இறங்கலை, தூங்கறப்பவே குத்திப் பாத்துட்டேன்'னாங்க. அப்புறம் நம்ம கடை போன்லயே கம்பெனிக்கு வேலைக்கு வரலைன்னு சொல்லிட்டு, 'அவர் காதுல போட்டுடாதே, சாயங்காலம் வரைக்கும் புகழட்டும்'னாங்க."