எட்டாம் நம்பர் மட்டை

மட்டைகளின் நம்பர் நாலில் ஆரம்பித்ததிலேயே உப்பிலிக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"ஒண்ணு, ரெண்டு, மூணு எங்கேடி?" என்று மகளைக் கேட்டார். கூடத்துத் தரையில் புது கோல்ஃப் செட் வரிசையாகப் படுத்திருந்தது. எல்லாவற்றுக்கும் இரும்புத் தலை. ஒவ்வொரு தலையின் அடியிலும் ஒரு நம்பர்.

"நாலுலேர்ந்துதாம்ப்பா ஆரம்பிக்கும்," என்றாள் மதுவந்தி.

"சரி. நாலு, அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது. அடுத்தது பத்து வரணுமா இல்லையா? இங்கிலீஷ்ல பி-ன்னு போட்டிருக்கே?"

"அது அப்படித்தான்."

முப்பத்திரண்டு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவர் உப்பிலி. பரீட்சையில் ஒரு பையன் இப்படி வரிசை எழுதியிருந்தால் முட்டை போட்டிருப்பார். ஆனால் இந்த முறை பரீட்சையே அவருக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை, முட்டுக்காட்டில்.

விஷயம் இதுதான். மதுவந்திக்கு இருபத்தொன்பது வயது. சிறுசேரியில் வேலை. கூடுவாஞ்சேரியிலிருந்து தினமும் போய்வருவாள். ரெண்டு வருஷமாகச் சனிக்கிழமையும் விடாமல் போகிற அளவுக்குப் பொறுப்பான பெண். வந்த வரன்கள் நாலு, தட்டிப்போன வரன்களும் நாலு. நாலுக்கும் காரணம் உப்பிலியின் வாய். கடைசியாக வந்த பையனின் அப்பா, பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு ஏதோ வட்டிக் கணக்கு சொல்ல, உப்பிலி அதைத் திருத்தி, படிப்படியாக விளக்கியும் காட்டினார். அவர்கள் காப்பி குடிக்காமலே எழுந்து போனார்கள்.

ஐந்தாவது வரன் தேஜஸ். கல்யாண இணையதளத்தில் கிடைத்தவன். ஜாதகம் பத்துக்கு ஒன்பது பொருத்தம். பையனும் சிறுசேரிதான். "உனக்குத் தெரியுமோ?" என்று கேட்டதற்கு, "அங்க லட்சம் பேர் வேலை பார்க்கறாப்பா" என்று சொல்லிவிட்டாள் மதுவந்தி.

சிக்கல் பொழுதுபோக்கில் வந்தது. தளத்தில் விவரங்களை நிரப்பியவள் மதுவந்தி. அப்பாவின் பொழுதுபோக்கு என்ற இடத்தில் 'கோல்ஃப்' என்று போட்டிருந்தாள்.

"எதுக்குடி போட்டே? நான் சுடோகு போடறவன்!"

"சுடோகுன்னு போட்டா யாருப்பா திரும்பிப் பார்ப்பா?"

பையனின் அப்பா கோதண்டராமன் திரும்பிப் பார்த்துவிட்டார். அவருடைய பொழுதுபோக்கும் கோல்ஃப். போனிலேயே அழைப்பும் வந்தது. "முட்டுக்காடு பக்கத்துல ஒரு பயிற்சி மைதானம் இருக்கு. நீங்க பெரிய ஆட்டக்காரர்னு பையன் சொன்னான். குடும்பத்தோட வாங்கோ, ஆடிண்டே பேசுவோம்."

"பேஷா," என்று சொன்ன பிறகுதான் உப்பிலிக்கு விஷயம் உறைத்தது. பொய் வெளுத்தால் ஐந்தாவதும் போச்சு. ஆறாவது வரும் என்று எந்த ஜோசியரும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலமே புது செட்டும் ஒரு டஜன் பந்தும் மதுவந்தி வாங்கி வந்துவிட்டாள்.

"தொடாதீங்கோ!" உள்ளேயிருந்து மனைவி ருக்மிணியின் குரல் வந்தது. "புது சாமானைப் பெருமாளுக்குக் காட்டாம எடுக்கப்படாது."

ஒவ்வொரு இரும்புத் தலையிலும் சந்தனம், அதன் மேல் குங்குமம். நாலு, அஞ்சு, ஆறு, ஏழு என்று வந்தவள் எட்டில் நின்றுவிட்டாள்.

"ஏன்னா, எட்டு இருக்கே?"

"ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவுல எட்டு இருக்கத்தான் இருக்கும்."

"எட்டு சனியோட எண். கார் நம்பரைக் கூட்டினா எட்டு வரதுன்னு ரெண்டு மாசம் காத்திண்டிருந்தோமே, மறந்துட்டேளா? கல்யாணக் காரியத்துக்கு எட்டைத் தூக்கிண்டு போகப்படாது."

எட்டாம் நம்பர் மட்டை, காற்றில் அடித்துக்கொள்ளும் கொல்லைக் கதவுக்கு முட்டுக் கொடுக்கப் போயிற்று. ஏற்கெனவே தலையும் வாலும் இல்லாத வரிசையில் இப்போது நடுவிலும் ஓட்டை. உப்பிலி பெருமூச்சு விட்டார். அதற்கு மேல் விட முடியாது, எதிரில் ருக்மிணி.

புதன்கிழமை மொட்டை மாடியில் வெள்ளோட்டம். ஏழாம் நம்பரை எடுத்தார். முதல் வீச்சு காற்றில் போனது. ரெண்டாவது வீச்சில் கொடியில் கிடந்த வேட்டி போனது. மூன்றாவதில் பந்தையே காணோம். எங்கே என்று தேடுவதற்குள் பக்கத்து வீட்டு மாடியில் சளசளவென்று சத்தம். வெங்கடேசன் வீட்டுத் தண்ணீர் டேங்கின் வயிற்றிலிருந்து தண்ணீர் பீறிட்டுக்கொண்டிருந்தது.

உப்பிலி வேட்டிக்குப் பின்னால் மறைந்துகொண்டார்.

வெங்கடேசன் நாலு லாரி வைத்திருப்பவர். மாடிக்கு வந்து டேங்கைப் பார்த்தார், வேட்டிக்குக் கீழே தெரிந்த காலையும் பார்த்தார்.

"சார், இன்னா சார் இது? டேங்க்ல ஓட்டை வுழுந்துகீது! கொரங்கு வேலையா?"

"குரங்குதான். நானே பார்த்தேன்," என்று வெளியே வந்தார் உப்பிலி. சொன்ன பிறகுதான், யாரைச் சொன்னோம் என்று யோசித்தார்.

பந்து கெட்டி, அதுதான் வம்பு என்று முடிவு செய்து, வியாழக்கிழமை ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு போனார். பழமானால் யாருக்கும் சேதமில்லை. ஆச்சரியமாக, அடி சரியாக விழுந்தது. பழம் அழகாக மேலே எழும்பி, அழகாக வளைந்து, வெங்கடேசன் வீட்டு மாடிக் கதவில் மோதி, வாசற்படியில் உட்கார்ந்தது. உப்பிலிக்கு அந்த வாரத்தில் முதல்முறையாகச் சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் காலையில் வெங்கடேசன் பேப்பரில் எதையோ ஏந்திக்கொண்டு வந்தார். முகத்தில் ரத்தமில்லை. பேப்பரில் பிளந்த எலுமிச்சம்பழம், அதன் மேல் அப்பிய குங்குமம். மட்டையில் ருக்மிணி வைத்த பொட்டு.

"சார், நீங்க கோயில் குளம்னு இருக்கிற குடும்பம். பார்த்து சொல்லுங்க. எவனோ எனக்கு செய்வினை வெச்சிகினு கீறான். மொதல்ல டேங்க்கு, இப்ப எலுமிச்சம்பழம்!"

"அதெல்லாம் ஒண்ணுமில்லை. குளிச்சுட்டு விளக்கேத்துங்கோ, சரியாப் போயிடும்."

"போவாது சார். ஆள புடிக்கணும். சாயங்காலம் ஆனா மாடில காவல் நிக்கப்போறேன். நீங்க கூட இருந்தா எனக்கு தெகிரியம். வர்றீங்களா?"

மாட்டேன் என்றால் சந்தேகம் வரும். வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும், பயிற்சி செய்திருக்க வேண்டிய நேரத்தில், உப்பிலி தன்னைப் பிடிப்பதற்காகத் தானே காவல் நின்றார். எதிரி வரவில்லை.

"நாம நிக்குறத தெரிஞ்சிகினான் சார்," என்றார் வெங்கடேசன் பெருமையாக.

சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் மதுவந்தி கூடத்திலேயே சொல்லிக்கொடுத்தாள். "கட்டைவிரல் ரெண்டும் கீழ பார்க்கணும். இடுப்பைத் திருப்பு. பந்தை விட்டுக் கண்ணை எடுக்காதே." ஏழாம் நம்பரை வாங்கி ஒரு வீசு வீசினாள். சுவரிலிருந்த காலண்டர் படபடத்தது.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"யூடியூப்ல பார்த்தேன்."

ஒரு தடவை பார்த்தாலே பிடித்துக்கொள்கிற புத்தி, அப்படியே தன் புத்தி என்று உப்பிலி பூரித்துப்போனார். அந்தப் புத்தி அவர் கைக்கு மட்டும் வரவில்லை. பத்து நிமிஷத்தில் ஸ்டூல் ஒன்று காலை இழந்தது.

கடைசி வழி ஒன்றுதான். கோதண்டராமனுக்குப் போன் போட்டு, "வலது மணிக்கட்டு சுளுக்கிண்டுடுத்து. வரேன், ஆனா ஆட முடியுமான்னு தெரியலை," என்றார். உடனே, "அடடா! எனக்கும் கழுத்துல பிடிப்பு," என்று பதில் வந்தது. அந்தக் குரலில் வருத்தத்தைவிட நிம்மதி அதிகமாக இருந்த மாதிரிப் பட்டது. உப்பிலிக்குக் குழப்பம்தான் மிஞ்சியது.

ஞாயிற்றுக்கிழமை காலை. முட்டுக்காட்டு உப்பங்கழிக் காற்று வேட்டியைத் தூக்கியது. மைதானத்துக் காவலாளி மதுவந்தியைப் பார்த்ததும் சல்யூட் அடித்துக் கேட்டைத் திறந்தார். மரியாதை தெரிந்த இடம் என்று உப்பிலி நினைத்துக்கொண்டார்.

கோதண்டராமன் கழுத்தில் பட்டையோடு நின்றிருந்தார். பக்கத்தில் மனைவி லதா. சற்றுத் தள்ளி தேஜஸ், தரையைப் பார்த்தபடி. மதுவந்தியும் தரையைப் பார்த்தாள்.

"பாவம், ரெண்டும் நிமிர்ந்துகூடப் பார்க்கலை," என்று லதா உருகினாள்.

கோதண்டராமன் உப்பிலியின் கையைப் பார்த்தார். "போன்ல வலது கைன்னு சொன்னேளே? கட்டு இடது கைல இருக்கே?"

காலையில் இட்லி சாப்பிடுவதற்காக அவிழ்த்த கட்டு. திரும்பக் கட்டிய அவசரத்தில் கை மாறிவிட்டது.

"ராத்திரி இந்தப் பக்கம் வந்துடுத்து," என்றார் உப்பிலி.

கோதண்டராமன் பட்டை இடம் கொடுத்த வரைக்கும் தலையாட்டினார்.

மைதானத்துப் பயிற்சியாளர் ஜெரோம் ஒரு கூடை பந்தைக் கொண்டுவந்து வைத்தார். என்னவோ மதுவந்தி இருந்த திசையையே அவர் பார்க்கவில்லை.

"நீங்க முதல்ல," என்றார் கோதண்டராமன்.

"சேச்சே, பிள்ளையாத்துக்காரா நீங்கதான் முதல்ல."

"விருந்தாளியை நிக்க வெச்சுட்டு நான் ஆடறதா?"

"வயசுல பெரியவா இருக்கச்சே நான் ஆடறதா?"

இப்படியே கால் மணி நேரம் போனது. "சார், யாராச்சும் ஒருத்தர் அடிங்க சார். வெயில் ஏறிகினு கீது," என்றார் ஜெரோம்.

உப்பிலி கண்ணை மூடிக்கொண்டு வீசினார். பந்து ரெண்டடி நகர்ந்து, யோசித்துவிட்டு நின்றது. கோதண்டராமன் வீசினார். பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. ஒரு பிடி புல்லும் அவருடைய கழுத்துப் பட்டையும் பறந்தன. பட்டை எங்கே விழுந்தது என்று அவர் கழுத்தை ரெண்டு பக்கமும் தாராளமாகத் திருப்பித் தேடினார்.

ருக்மிணி கோதண்டராமனின் பையை எட்டிப் பார்த்தாள். மட்டைகளில் சந்தனம், குங்குமம். நாலு, அஞ்சு, ஆறு, ஏழு, ஒன்பது.

"எட்டு எங்கே மாமி?"

லதா தயங்கினாள். "தப்பா நினைச்சுக்காதீங்கோ. நல்ல காரியமாச்சே, எட்டு ஆகாதுன்னு நான்தான் ஆத்துலயே வெச்சுட்டேன்."

"மாமி!" ருக்மிணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நானும் அதேதான்!"

அப்புறம் ஒளிக்க ஒன்றுமில்லை. கோதண்டராமனே ஆரம்பித்தார். "நிஜத்தைச் சொல்லிடறேன். இந்த ஜன்மத்துல இன்னிக்குத்தான் இதைத் தொடறேன். உங்களை இங்கே கூப்பிடச் சொன்னவனே தேஜஸ்தான். அவன்தான் எனக்குக் கோல்ஃப்னு போட்டுட்டான்."

"இவளும்தான் எனக்குப் போட்டா!"

ரெண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். உப்பிலிக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறை இறங்கியது. அந்த மனிதர் வட்டிக் கணக்கைத் தப்பாகச் சொன்னால்கூட இனிமேல் திருத்துவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தார். காரில் தயாராக இருந்த வெற்றிலை பாக்குத் தட்டு இறங்கியது. தாம்பூலம் கை மாறியது. சம்பந்தம் முடிவாயிற்று.

வாய் சும்மா இருக்குமா? உப்பிலி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நான் கணக்கு வாத்தியார், சொல்றேன் கேளுங்கோ. ரெண்டு பேர் பொழுதுபோக்கும் ஒண்ணு, ரெண்டு பேருக்கும் ஆடத் தெரியாது, ரெண்டு ஆத்துலயும் எட்டு ஆகாது. இப்படிப் பொருந்தி வரதுக்கு வாய்ப்பு கோடியில ஒண்ணு. இது தெய்வ சங்கல்பம். இந்தக் காலத்துப் பசங்க தானா தேடிக்கறதுகளே, அதுல இதெல்லாம் அமையுமா? எங்க குடும்பத்துல காதல் கீதல் எல்லாம் கிடையாது."

"எங்காத்துலயும் அந்தப் பேச்சே கிடையாது," என்றார் கோதண்டராமன்.

தேஜஸும் மதுவந்தியும் தரையை இன்னும் ஆழமாகப் பார்த்தார்கள்.

"இந்த நாளைக்கு ஒரு ஃபோட்டோ எடுக்கணும்," என்றார் உப்பிலி. "நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து தூரத்துல நட்டிருக்கே, அந்தக் கொடியைப் பார்த்து அடிக்கற மாதிரி. ஜெரோம், அதுக்கு எந்த நம்பர் சரி?"

"எட்டு சார்," என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டு, ஜெரோம் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"எட்டுதான் எங்க ரெண்டு பேர்கிட்டயும் இல்லையே!"

"ஏழே போதும்ப்பா," என்றாள் மதுவந்தி அவசரமாக.

"ஏழே போதும் சார்," என்றார் ஜெரோம் அதைவிட அவசரமாக.

அப்போதுதான் வேலைக்கு வந்த முனியம்மா, மைதானத்தில் பந்து பொறுக்குகிறவள், காலிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் வந்தாள். நின்று எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தாள்.

"எட்டாம் நம்பர்தானே சாமி? நம்ம மதுப் பொண்ணு பையில கீதே! உள்ளார லாக்கர்ல, தேஜஸ் தம்பி பைக்குப் பக்கத்துலயே மாட்டிகினு கீது. ரெண்டு வருசமா சனிக்கெழம தவறாம ஒண்ணா வந்து ஒண்ணா ஆடுதுங்க, இன்னிக்கு இன்னாத்துக்கு ரெண்டும் மூஞ்சி தெரியாத மாதிரி நிக்குதுங்க?"